மறைந்துபோன ஒரு மண்டபம்: ரங்கூன் ஜூபிலி ஹாலின் வரலாறு



அரங்கு என்னும் சொல்லை நாம் அடிக்கடி வழங்குகிறோம். அரங்கேற்றம் என்கிறோம், கவியரங்கம் என்கிறோம், கருத்தரங்கு என்கிறோம். அரங்கு என்றால் என்ன என்று மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கேட்டால் 'மேடை' என்பான். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கேட்டால் 'மண்டபம்' என்பாள். இருவர் கூற்றும் சரியே. ஆடுவோர் நிற்கும் இடமும் அரங்கு. காண்போர் கூடும் இடமும் அரங்கு. எனினும், இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ், நான்கு சுவர்களுக்குள், வந்து சேர்ந்தது நம் நெடிய கலை வரலாற்றில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்று. அதனை விளக்குதற்பொருட்டு இவ்வாண்டு மலரில் ஒரு மண்டபத்தின் வரலாற்றைப் பாடமாக எழுத முற்பட்டுள்ளேன்.

அம்மண்டபம் இன்று இல்லை. மியன்மார் நாட்டின் பெருநகராகிய யாங்கோனில், ஷ்வேடகோன் பகோடா சாலையில், செங்கற் கட்டடமாய் எழுந்து நின்ற ஜூபிலி ஹால் என்பது அதன் பெயர். 1985ஆம் ஆண்டில் அஃது இடித்துத் தள்ளப்பட்டது. யாங்கோன் என்னும் பெயரை அந்நாட்டு அரசு 1989இல் அதிகாரபூர்வமாக்கியது. அதற்கு முன்னர் அந்நகர் உலகோர்க்கு ரங்கூன். நம்மவர் வீடுகளில் இன்றும் ரங்கூன்தான். ஆதலின் இக்கட்டுரையிலும் பழைய காலத்தைப் பேசுமிடத்து அப்பெயரையே வழங்குவேன்.

தரையில் ஆடிய கூத்து

மண்டபம் வருவதற்கு முன்னர் பர்மியர் எங்கே நாடகம் ஆடினர்? வெட்டவெளியில் ஆடினர். ப்வே என்பது அவர்களுடைய கலை விழாவுக்குப் பொதுப்பெயர். பகோடாத் திருவிழாவிலோ, ஊர்ப் பொதுவிடத்திலோ மூங்கிலை நட்டுப் பாயை விரித்தால் அரங்கு அமைந்துவிடும். குடும்பம் குடும்பமாக வந்து அமர்வர். தாய்மார் மடியில் குழந்தைகள் உறங்கும். ஆட்டமும் பாட்டும் நகைச்சுவையும் கதையுமாக இரவு கழிந்து பொழுது புலரும். நம் தெருக்கூத்தைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று. இராமாயணமும் அங்கே உண்டு. 1767இல் பர்மியப் படை சயாம் நாட்டு அயோத்தியா நகரைக் கைப்பற்றியபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட கலைஞர்கள் வழியாக இராமகதை பர்மிய அரசவையில் ஆடல்வடிவம் பெற்றது. இராமனை அவர்கள் 'யாமா' என்பர்.

இங்கே மாணவர்கள் கருத்தூன்ற வேண்டிய ஒரு செய்தி உண்டு. பர்மிய மன்னர் காலத்தில் நாடகக் கலைக்கென்று ஓர் அமைச்சரே இருந்தார். சிங்கு மன்னன் 1776இல் அப்பதவியை ஏற்படுத்தினான். நாடகங்களை 'உயர் நாடகம்', 'தாழ் நாடகம்' என இருவகையாகப் பிரித்தனர். கலைத் தரத்தைக் கருதி இப்பெயர் இட்டனர் என்று எண்ணிவிடாதீர்கள். பொம்மலாட்டம் உயரமான மேடைமேல் நிகழ்ந்தது. ஆகவே அஃது உயர் நாடகம். மனிதர் ஆடும் நாடகம் தரையில் நிகழ்ந்தது. ஆகவே தாழ் நாடகம். மன்னரும் துறவியரும் அமர்ந்திருக்க, கூத்தாடி ஒருவன் அவர்களுக்கு மேலே நிற்பது அக்காலத்தார்க்குப் பொறுக்கலாகாத செயல். மரப்பாவை மேலே நிற்கலாம், மனிதன் நிற்கலாகாது!

நம் முன்னோர் இவ்விடயத்தில் வேறுவழி சென்றனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய மேடையின் அளவு சொல்லப்பட்டுள்ளது. ஓங்கி வளர்ந்த மூங்கிலிலிருந்து அளவுகோல் ஒன்றை வெட்டிக்கொள்ள வேண்டும். அதன் நீளம் 24 பெருவிரல் அகலம். அக்கோலால் அளந்து, அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என மேடை எழுப்ப வேண்டும். மேற்பலகைக்கும் மேடைத் தளத்துக்கும் இடையே 4 கோல் இருத்தல் வேண்டும். உள்ளே வர ஒரு வாயில், வெளியேற ஒரு வாயில், மூவகைத் திரைகள், தூண்களின் நிழல் ஆடுவோர்மீது விழாதபடி வைக்கும் விளக்கு ஆகிய இவையெல்லாம் அங்கே விதிக்கப்பட்டுள்ளன. ஒளியமைப்பைக் குறித்து இத்துணைக் கவலை கொண்ட நூல் நம்மிடம் உண்டு என்பதை இன்று விழா மேடையில் மின்விளக்குப் பொருத்தும் பெற்றோர்கள் அறிந்து மகிழ்வார்களாக. மன்னன் முன்னிலையில் மாதவி ஆடினாள். அவள் நின்ற தளம் ஒரு கோல் உயரமாயிருந்தது. ஒரு கோல் என்பது நம் கைக்கணக்கில் அரை மீட்டர் அளவுதான். ஆனால் அந்த அரை மீட்டருக்குள் ஒரு நாட்டின் வழக்கம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

மகாராணியின் பெயரால் ஒரு மண்டபம்

1852இல் நடந்த இரண்டாம் பர்மியப் போரில் ஆங்கிலேயர் ரங்கூனைக் கைப்பற்றினர். சதுரங்கப் பலகை போல் நேர்நேராகத் தெருக்களை வகுத்துத் துறைமுக நகரமாக்கினர். 1885இல் மண்டலே அரசும் வீழ்ந்து, தீபோ மன்னன் இந்தியாவின் மேற்குக் கரைக்கு நாடுகடத்தப்பட்டான். அரிசியும் தேக்கும் எண்ணெயும் கப்பலேறின. எதிர்த்திசையில் மனிதர் கப்பலேறி வந்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ரங்கூன் மக்கள் ஏறத்தாழ 4 இலட்சம். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தெலுங்கர், தமிழர், வங்காளியர், குஜராத்தியர், ஒரியர் எனப் பலரும் அங்கே வாழ்ந்தனர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அரிசி ஆலையில் வேலை செய்தவர், வட்டிக்கடை நடத்திய நகரத்தார், எழுத்தர், ஆசிரியர் எனத் தமிழரிடையேயும் பல படிகள் இருந்தன.

அந்நகரில் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை நினைவுகூர எழுந்ததே ஜூபிலி ஹால். வைரவிழா 1897இல் நிகழ்ந்தது. இசை நிகழ்ச்சிகள், நாடகங்கள், பொதுக்கூட்டங்கள், விருந்துகள் ஆகியவற்றுக்கென்று அமைந்த நகர மண்டபம் அது. ஒருபுறம் உயர்ந்த மேடை. அதனை நோக்கி வரிசையாக இருக்கைகள். மேலே மழைக்கும் வெயிலுக்கும் கூரை. இன்று நமக்கு இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் வட்டமாகச் சூழ்ந்து அமர்ந்து, நடுவே எழுந்து சென்று தேநீர் அருந்தி, மீண்டும் வந்து அமர்ந்து, விடியும்வரை கூத்துப் பார்த்த மக்களுக்கு, எல்லாரும் ஒரே திசையை நோக்கி வாய்மூடி இருக்க வேண்டிய அரங்கு எத்துணைப் புதுமையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்புதுமை ஆங்கிலேயரிடமிருந்து மட்டும் வந்ததன்று. பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் கம்பெனிகள் திரைச்சீலையும் காட்சித் திரையும் எடுத்துக்கொண்டு கப்பலேறிப் பர்மாவுக்கும் வந்தன. தீபோ மன்னன் காலத்திலேயே மண்டலே அரண்மனைவரை சென்று ஆடிய பார்சிக் குழு உண்டு. பின்னர் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பர்மிய நாடகத்தின் பெருங்கலைஞரான போ செய்ன் போன்றோர் காலத்தில் மேடையும் திரையும் மின்விளக்கும் பர்மியக் கூத்துக்கும் உரியவாயின. தரையில் ஆடியவன் மேடையேறினான். இதனை நாகரிக வளர்ச்சி என்று கொண்டாடுவோரும் உளர். பழைய நெருக்கம் போயிற்று என்று வருந்துவோரும் உளர். என்னைக் கேட்டால், மனிதன் மரப்பாவைக்குச் சமமாக உயர்ந்தது நன்றே என்பேன்.

தமிழ் நாடகக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த நாடகங்களைச் சிறுவர் கம்பெனிகளும் பெரியவர் கம்பெனிகளும் ஊர் ஊராக ஆடின. தமிழ்நாட்டோடு நில்லாமல் இலங்கை, மலாயா, பர்மா எனக் கடல்கடந்தும் சென்றன. ஆயினும் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழனுக்கு ஜூபிலி ஹாலின் நாற்காலியில் இடம் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அவனுடைய அரங்கு கோயில் வாசல்தான். ஒரு நகரத்தின் மண்டபம் எல்லார்க்கும் பொது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாயிற்படியில் நின்று, யார் உள்ளே செல்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்று பார்த்த பிறகே அச்சொல்லைச் சொல்ல வேண்டும்.

சென்னையில் ஓர் உடன்பிறப்பு

இவ்விடத்தில் ரங்கூனிலிருந்து வங்கக் கடலைக் கடந்து சென்னைக்குச் சிறிது நேரம் சென்று வருவோம். ஏனெனில் அதே மகாராணியின் பொன்விழாவை (1887) நினைவுகூரும் பெயரோடு அங்கேயும் ஒரு செங்கல் மண்டபம் எழுந்தது. விக்டோரியா பப்ளிக் ஹால் என்பது அது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் மாநகராட்சியின் ரிப்பன் கட்டடத்துக்கும் இடையே இன்றும் நிற்கிறது. அதனை வரைந்தவர் ராபர்ட் சிஷோல்ம் என்னும் கட்டடக் கலைஞர்.

தமிழ் நாடக வரலாற்றில் அம்மண்டபத்துக்குத் தனியிடம் உண்டு. 1891ஆம் ஆண்டில் பெல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழு ஒன்று சென்னையில் ஆடியது. தருமவரம் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய அக்குழுவில் கற்றறிந்தவர்களும் உத்தியோகத்தில் இருந்தவர்களும் வேடம் புனைந்து நடித்தனர். அதனைக் கண்டு வியந்தவர்களுள் ஒருவர் பம்மல் சம்பந்த முதலியார். அப்போது அவருக்கு வயது 18. அதுவரை தமிழ் நாடகத்தை அவர் மதித்ததில்லை. கூத்தாடி என்பது அக்காலத்தில் ஓர் இழிசொல். படித்தவர்கள் மேடையேறுவதா என்று முகம் சுளித்த காலம். பம்மலார் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து அதே 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பல்லாண்டுகள் அச்சபைக்கு விக்டோரியா பப்ளிக் ஹாலே ஆடுகளமாயிற்று. வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் நடித்தனர். விடிய விடிய நடந்த நாடகம் சில மணி நேரத்துக்குள் அடங்கியது. பம்மலாரே பின்னர் நீதிபதியானார்; பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை. சபையினர் இலங்கைக்கும் சென்று நடித்தனர். அதன்பின் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அதே வகைச் சபைகள் தோன்றின. நம் பள்ளியில் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பலர் உளர். அவர்தம் பாட்டனார் காலத்துச் 'சபா' நாடகங்களின் வேர் இங்கே உள்ளது.

நாடகம் மட்டுமா? அமெரிக்காவிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897இல் சொற்பொழிவாற்றியது அம்மண்டபத்தில். நீதிக்கட்சி எனப் பின்னர் பெயர்பெற்ற இயக்கத்துக்கு 1916 நவம்பரில் வித்திட்ட கூட்டம் நடந்ததும் அங்கேதான். கோமாளி நின்ற மேடையில் துறவி நின்றார். துறவி நின்ற மேடையில் அரசியல்வாதி நின்றார்.

இதற்குக் காரணம் எளியது. அக்காலத்தில் ஒலிபெருக்கி இல்லை. சில நூறு பேர் அமர்ந்து ஒருவர் குரலைத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் அதற்கென்று கட்டிய மண்டபம் வேண்டும். நடிகனின் குரல் பின்வரிசையை எட்டும்படி கட்டிய சுவர்கள் தலைவனின் குரலையும் எட்டச் செய்தன. நாடகத்துக்கு இடம் கொடுத்த ஊர், தன்னையறியாமலே பேச்சுக்கும் இடம் கொடுத்துவிட்டது.

ஜூபிலி ஹாலில் ஒலித்த குரல்கள்

ரங்கூனிலும் அவ்வாறே நடந்தது. 1916 மே மாதத்தில் கவி இரவீந்திரநாத தாகூர் சப்பானுக்குச் செல்லும் வழியில் ரங்கூனில் இறங்கினார். நோபல் பரிசு பெற்று மூன்றாண்டுகள் கூட ஆகவில்லை. நகர மக்கள் ஜூபிலி ஹாலில் அவருக்கு வரவேற்பளித்தனர். வங்க நாவலாசிரியர் சரத்சந்திர சட்டோபாத்யாயா எழுத்தராகப் பணிபுரிந்து வாழ்ந்ததும் அதே ரங்கூனில்தான். 1903இல் வந்தவர் 1916இல் ஊர் திரும்பினார்.

பின்னர்ப் போர் வந்தது. 1941 டிசம்பர் 23இல் சப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு பொழிந்தன. 1942இல் இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகக் காடும் மலையும் கடந்து வெளியேறினர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். ரங்கூனில் 'ஜோதி' என்னும் தமிழ் இதழை நடத்திவந்த அறிஞர் வெ. சாமிநாத சர்மா அவ்வாறு நடந்து வந்தவர்களுள் ஒருவர். 'பராசக்தி' திரைப்படத்தை (1952) நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் அண்ணன்மார் மூவரும் ரங்கூனில் வாழ்ந்தவர்கள் என்பதும், போரினால் அக்குடும்பம் சிதறுவதும் வெறுங்கற்பனை அல்ல. அக்காலத்துத் தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடந்த கதை அது.

1944 ஜனவரியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தமது தற்காலிக அரசின் தலைமையிடத்தை ரங்கூனுக்கு மாற்றினார். ஜூபிலி ஹாலில் அவருடைய கூட்டங்கள் நடந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர் பலர் அந்நாளில் பர்மாவில் இருந்தனர். கேப்டன் லட்சுமி தலைமையிலான ஜான்சி ராணிப் படைப் பெண்களும் இருந்தனர். ரப்பர் பால் எடுத்த கைகள் துப்பாக்கி ஏந்தின. ஒரு தலைமுறைக்கு முன்னர் தமிழ்த் தொழிலாளிக்குக் கதவு திறக்காத மண்டபம், இப்போது அவனையே எதிர்பார்த்துத் திறந்தது. நேதாஜியின் வழி சரியா, சப்பானியரோடு சேர்ந்தது முறையா என்பது வேறு விவாதம். அதனை உயர்வகுப்பு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் வைத்துக்கொள்வோம்.

அனைத்துக்கும் மேலாக 1947. பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சான், அவ்வாண்டு மே மாதம் தமது பாசிச எதிர்ப்பு மக்கள் விடுதலைக் கழகத்தின் மாநாட்டை ஜூபிலி ஹாலில் கூட்டினார். விடுதலை பெறப்போகும் நாட்டுக்கு எத்தகைய அரசியலமைப்பு வேண்டும் என்பதே பேசப்பட்ட பொருள். மக்களாட்சி எது, பல இனத்தார் வாழும் நாட்டில் சிறுபான்மையினர்க்கு எவ்வாறு இடம் வகுப்பது என்பனவற்றை அவர் அம்மேடையிலிருந்து மே 23ஆம் நாள் விரித்துரைத்தார். இரண்டு மாதங்கூட முடியவில்லை. ஜூலை 19இல் தலைமைச் செயலகக் கட்டடத்தில் அமைச்சரவை கூடியிருந்தபோது அவரும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்போது அவருக்கு வயது 32. 1948 ஜனவரி 4இல் நாடு விடுதலை பெற்றது.

ஒரு மகாராணியின் ஆட்சி நீடூழி வாழ்க என்று வாழ்த்தக் கட்டிய மண்டபத்தில், ஐம்பதே ஆண்டுகளில், அவ்வாட்சிக்குப் பின் வரவேண்டியது எது என்று அந்நாட்டு மக்கள் கூடிப் பேசினார்கள். மண்டபத்தின் வாயிலில் யார் பெயர் பொறித்திருக்கிறது என்பதைவிட, உள்ளே யார் பேசினார்கள் என்பதே அம்மண்டபம் யாருடையது என்பதைச் சொல்கிறது. இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வொன்றே.

இடிபட்ட பின்

1962இல் படைத்துறை ஆட்சி வந்தது. 1960களில் வணிக நிலையங்கள் நாட்டுடைமையாயின. தனியார் பள்ளிகளும் அவ்வாறே. ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர் நாட்டைவிட்டு வெளியேற, கப்பலில் வந்த தமிழர்களால் சென்னையில் பர்மா பஜார் உருவாயிற்று. போகாமல் தங்கியவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். எங்களுக்குத் தமிழ் சொல்லித் தந்தது கோயில் கூடம்.

1985இல் ஜூபிலி ஹால் இடிக்கப்பட்டபோது நான் தவழ்ந்து எழுந்த பருவத்தைச் சற்றே கடந்த குழந்தை. ஆதலின் அதனைக் கண்ட நினைவு எனக்கு இல்லை. என் தந்தையார் இளமையில் அங்கே ஓர் இசை நிகழ்ச்சியைப் பின்வரிசையில் நின்று கேட்டதாகச் சொல்வார். யார் பாடினார், என்ன பாடினார் என்று கேட்டால் நினைவில்லை என்பார். அன்று பெருமழை பெய்தது, சாலையில் நனைந்து நின்ற பழவண்டிக்காரர்களையும் காவலாளி உள்ளே விட்டுவிட்டான் என்பது மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வரலாற்று நூல்களில் இல்லாத இச்செய்தியை நான் தாகூர் வருகைக்கு அடுத்த வரிசையில் வைத்திருக்கிறேன்.

மண்டபம் இருந்த இடத்தில் பின்னர்ப் பாதுகாப்புப் படைகளின் அருங்காட்சியகம் எழுந்தது. விமானங்களும் பீரங்கிகளும் வைக்கப்பட்டன. ஆங் சான் அந்நாட்டுப் படையையும் நிறுவியவர். ஆகவே அவர் மக்களாட்சியைப் பற்றி உரையாற்றிய நிலத்தின்மேல் அவர் நிறுவிய படையின் காட்சிச்சாலை நின்றது. பிறகு தலைநகர் நேபிடோவுக்கு மாறியபோது அருங்காட்சியகமும் அங்கே சென்றது. வெறுமையான நிலத்தில் சப்பானிய முதலீட்டோடு பெரிய ஓட்டலும் அலுவலகங்களும் கொண்ட வளாகம் ஒன்று எழத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் படைத்துறை மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவ்வேலையும் நின்றுபோயிற்று.

ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். யாங்கோன் மாநகராட்சி பாதுகாக்கத்தக்க 189 பழங்கட்டடங்களைப் பட்டியலிட்டது 1996இல். ஜூபிலி ஹால் விழுந்து அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. பகோடாக்கள், கோயில்கள், மசூதிகள், தேவாலயங்கள், அலுவலகங்கள் பலவும் பட்டியலில் இடம்பெற்றன. ஆங் சான் கொல்லப்பட்ட தலைமைச் செயலகம் இன்றும் நிற்கிறது. மக்கள் சென்று அந்த அறையைக் காண்கின்றனர். அவர் மடிந்த இடம் எஞ்சியது. அவர் பேசிய இடம் எஞ்சவில்லை. பக்கத்து வரிசையில் இருந்த பழைய திரையரங்குகளும் ஒவ்வொன்றாகப் போயின. எக்செல்சியர் என்று பெயர்பெற்று விளங்கிய வாஸியா திரையரங்கு மட்டும் தப்பியது. சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலோ, பல்லாண்டுகள் பாழடைந்து பூட்டிக் கிடந்தும், இடிபடாமல் தப்பி, அண்மை ஆண்டுகளில் மாநகராட்சியின் சீரமைப்பையும் பெற்றது. ஒரே மகாராணியின் பெயர் தாங்கிய இரண்டு மண்டபங்களின் தலைவிதி இவ்வாறு வேறுபட்டது.

யாங்கோனில் மேடையே இல்லாமற் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். 1980களின் இறுதியில் சீன அரசின் உதவியோடு தேசிய நாடக அரங்கம் கட்டப்பட்டது. பெரிய கட்டடம், நல்ல வசதி. ஆனால் அங்கே யார் ஏறலாம், என்ன பேசலாம் என்பதை முடிவு செய்பவர் வேறு. நாடக வசனத்தைத் தணிக்கையாளர் படித்துப் பார்த்த பின்னரே ஒத்திகை என்றிருந்த காலம் நெடிது.

ஆகவே நாடகம் சிறிய இடங்களைத் தேடிச் சென்றது. மண்டலேயில் 'மீசைச் சகோதரர்கள்' என்று அழைக்கப்பட்ட நகைச்சுவைக் கலைஞர்கள் மூவர் இருந்தனர். 1996 ஜனவரி 4, விடுதலை நாளன்று, யாங்கோனில் ஆங் சானின் மகள் ஆங் சான் சூச்சியின் வீட்டு வளாகத்தில் படைத்தலைவர்களைக் கேலி செய்து நடித்தனர். பார் பார் லே, லூ ஸா ஆகிய இருவரும் சிறைக்குச் சென்று ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்தனர். விடுதலையான பிறகு பொதுமேடையில் ஆட அவர்களுக்குத் தடை. தங்கள் வீட்டின் முன்கூடத்தையே அரங்காக்கினார்கள். சில பிளாஸ்டிக் நாற்காலிகள், தரையோடு தரையாக ஒரு மேடை, அவ்வளவே. வெளிநாட்டுப் பயணிகள் இரவுதோறும் வந்து பார்த்தனர். மூத்தவர் பார் பார் லே 2013இல் மறைந்தார். மன்னர் காலத்தில் தரையில் ஆடியவன் மேடையேறினான் என்று முன்னர் எழுதினேன். அவனையே மேடையிலிருந்து இறக்கியபோது அவன் மீண்டும் தரையில் ஆடக் கற்றுக்கொண்டான்.

நான் அந்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியனாக இருந்தவன். 2021க்குப் பின் பணிக்குத் திரும்ப மறுத்து வெளியேறிய பல்லாயிரம் ஆசிரியர்களுள் ஒருவன். இங்கே அகதியாக வந்து, வார இறுதியில் உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பேறு பெற்றேன். நமக்கென்று சொந்த மண்டபம் இல்லையே என்று பெற்றோர் சிலர் ஆண்டுதோறும் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். நியாயமான குறைதான். கூடைப்பந்துக் கோடுகள் வரைந்த விளையாட்டுக் கூடத்தில் கட்டபொம்மன் வசனம் பேசுவது வேடிக்கையாகவே இருக்கும். மாலை ஆறு மணிக்குள் கூட்டித் துடைத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இருந்தபோதிலும், சொந்தக் கட்டடம் கட்டிய ஊர்களில் அக்கட்டடம் யாருக்கு, யார் பேசலாம் என்ற வழக்கு வந்து பூட்டுப் போட்டதையும் கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா? மண்டப நிதிக்குழுவினர் கூரைக்குக் கணக்குப் போடும்போதே வாயிற்கதவுக்கும் ஒரு விதி எழுதி வைத்துக்கொள்வது நலம் என்பது என் கருத்து.

மாணவர்களுக்கான பயிற்சி

கீழ்வகுப்பு மாணவர்கள் விழா நாளன்று தத்தம் பெருவிரல் அகலத்தை அளந்து, அதனை 24ஆல் பெருக்கி ஒரு கோலின் நீளத்தைக் காண்க. ஒரு சிறுவனின் பெருவிரல் 1.5 சென்டிமீட்டர் எனில் அவன் கோல் 36 சென்டிமீட்டர். அவன் தந்தையாரின் பெருவிரல் 2 சென்டிமீட்டர் எனில் அவர் கோல் 48 சென்டிமீட்டர். யார் விரலால் அளப்பது என்பதில் மேடையின் பரப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டு எழுதுக. பின்னர் நம் விழா மேடை மாதவியின் மேடையைவிடப் பெரியதா, சிறியதா என்று அளந்து பார்க்க.

மேல்வகுப்பு மாணவர்கள் தம் பெற்றோரோ, பாட்டனார் பாட்டியாரோ பிறந்த ஊரில் நாடகமோ கூட்டமோ நடந்த ஓர் இடத்தைப் பற்றிக் கேட்டறிந்து ஒரு பக்கம் எழுதி வருக. அவ்விடத்தின் பெயர், எந்தத் தெரு, அங்கே அவர்கள் பார்த்த ஒரு நிகழ்ச்சி, இப்போது அவ்விடத்தில் என்ன இருக்கிறது என்பன கட்டாயம் இடம்பெற வேண்டும். நிகழ்ச்சி நினைவில்லை என்று பெரியவர்கள் சொன்னால், அன்று மழை பெய்ததா என்று கேளுங்கள்.

கட்டுரைகளை விடுமுறைக்குப் பின் வரும் முதற் சனிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பள்ளியில் அளவுநாடா இரண்டே உள்ளன. வீட்டில் இருப்போர் விழாவுக்குக் கொண்டுவருக.